பழூரில் ஒரு வில்லி!

தா.பழூர் என்று பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பார்த்ததும், "ஓகோ! பழுவேட்டரையர் ஊரா?" என்று கேட்காத ஆசாமி கிடையாது. எல்லாம் 'பொன்னியின் செல்வன்' செய்த வேலை! பழுவேட்டரையர்களின் பழுவூர் வேறு. அது மேலப்பழுவூர், கீழப்பழுவூர் என்று இரண்டாகப் பிரிந்து, அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்குப் போகிற வழியில் இருக்கிறது. நாம் போகப் போகிற பழூர் கொள்ளிடத்துக்கு வடக்கே, ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே இருப்பது. முன்னால் ஒட்டிக் கொண்டிருக்கும் 'தா' பக்கத்துத் தாதம்பேட்டையைக் குறிக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். குழப்பம் வரக் கூடாது என்றுதான் அந்த எழுத்தைச் சேர்த்தார்களாம். குழப்பம் மட்டும் இன்னும் போனபாடில்லை.

இந்த ஊர் இருந்த இடத்தை விட்டு நகராமலே ஜில்லா ஜில்லாவாகப் பிரயாணம் செய்திருக்கிறது. முதலில் திருச்சி ஜில்லா. 1995-ல் பெரம்பலூர். 2001-ல் அரியலூர். மறு வருஷமே திரும்பவும் பெரம்பலூர். 2007 நவம்பரிலிருந்து மறுபடியும் அரியலூர். தபால்காரர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

கும்பகோணத்திலிருந்து வருகிறவர்களுக்கு நீலத்தநல்லூர் வழி சுகமானது. பாலத்தில் ஏறியதும், 'இது ஆறா, சமுத்திரமா?' என்று கேட்கும்படி கொள்ளிடம் அகன்று கிடக்கிறது. முக்கால்வாசி மணல், ஒரு ஓரத்தில் தண்ணீர். அக்கரையில் மதனத்தூர். பாலம் வருவதற்கு முன்னால், ஆற்றில் வெள்ளம் வந்து விட்டால் அணைக்கரையைச் சுற்றிக் கொண்டு வந்தாக வேண்டும். 1836-ல் கட்டிய கீழணை அங்கேதான் இருக்கிறது. மதனத்தூர் தாண்டியதும் கரும்பும் நெல்லுமாகப் பச்சை. வடக்கே போகப் போக மண் சிவந்து முந்திரிக் காடாகி விடுகிறது.

பேருக்கென்றே ஒரு யாத்திரை செய்யலாம் போன்ற பிரதேசம் இது. கோடாலிகருப்பூர் என்று ஓர் ஊர். தஞ்சை மராட்டிய ராஜாக்கள் காலத்தில் அரண்மனைக்குச் சேலை நெய்து, சாயம் தோய்த்துக் கொடுத்த ஊர் அது. ஜெயங்கொண்டம் பக்கம் போனால் ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், உட்கோட்டை! ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகரமாக்கிக் கொண்ட காலத்தில் படைக்கலக் கொட்டில் எங்கே, மெய்காப்பாளர் குடியிருப்பு எங்கே, கோட்டை எங்கே என்று பேர்ப் பலகையே காட்டி விடுகிறது. தஞ்சைக் கல்வெட்டுகளில் 'தெரிந்த வில்லிகள்' என்று ஒரு படைப்பிரிவு வருகிறது. தெரிந்த என்றால் நமக்கு அறிமுகமான என்று அர்த்தமில்லை, தெரிந்தெடுத்த வில்லாளிகள். 'வில்லி' என்றதும் சினிமாவில் கதாநாயகிக்குப் பாலில் விஷம் கலந்து கொடுக்கும் அம்மாள் ஞாபகத்துக்கு வந்தால், அது நம் காலத்தின் கோளாறு.

அப்படிப்பட்ட வில்லி ஒருத்தியைத் தா.பழூரிலேயே சந்திப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குப் பதினோரு வயது. ஆறாவது படிக்கிறாள்.

என் சிநேகிதர் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். கொஞ்சம் கரும்பும் உண்டு. அவருடைய மகள்தான் அந்த வில்லி. வாரத்துக்கு ஒரு நாள் ஆற்றைத் தாண்டிப் போய் வில்வித்தை வகுப்பில் கற்றுக் கொள்கிறாள். மற்ற நாட்களில் கொல்லைப்புறத்தில் வைக்கோல்போர்தான் எதிரி. மூங்கில் வில், நுனியில் ரப்பர் வைத்த அம்பு. நான் போய் இறங்கிய சாயங்காலம் வீட்டில் ஒரே சோகம்.

"வாங்கண்ணே, நீங்களே பாருங்க!" என்று கொல்லைக்கு அழைத்துப் போனார் சிநேகிதர். வைக்கோல்போரில் ஒரு முறத்தைச் சாத்தி, அதில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். பத்து மீட்டர் தள்ளி நின்று அவள் எய்தாள். நிற்பது ஒழுங்கு, இழுப்பது ஒழுங்கு, கை நடுங்கவில்லை. அம்பு மட்டும் முறத்துக்கு இடப்புறம் ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. அடுத்தது ஒன்றரை முழம். அதற்கு அடுத்தது, என்ன ஆச்சரியம், நட்ட நடுவில்! பிறகு பழையபடி இடப்பக்கம்.

"கவனம் இல்லைங்கிறார் வாத்தியார். கண்ணுல கோளாறோன்னு எனக்குப் பயம். அம்மா என்னடான்னா திருஷ்டிங்குது. வர்ற மாசம் கரும்புப் பணத்துல நல்ல வில்லு ஒண்ணு வாங்கித் தரதாச் சொல்லியிருந்தேன். இனிமே வாங்குறதா, வேணாமான்னே தெரியல" என்றார் சிநேகிதர்.

பெண் பக்கத்தில் நின்று கொண்டு கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினாள். அழுகிற மாதிரி இருந்தது, ஆனால் அழவில்லை. கவனம் இல்லாத பெண்ணா இது? அம்பு எங்கெங்கே விழுந்தது என்று ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருந்தாள்! நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள். வலப்பக்கம் ஒன்று கூட இல்லை.

கவனக் குறைவு என்றால் அம்பு நாலாபக்கமும் சிதற வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் அதற்கு ஒரே காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

"பாப்பா, ரெண்டு கையையும் நீட்டு. உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஜன்னல் வை. ரெண்டு கண்ணையும் திறந்தபடியே அந்த ஜன்னல் வழியாத் தென்னை மரத்து உச்சியைப் பார்" என்றேன்.

"தெரியுது, பெரியப்பா."

"தென்னை மறையாமல் கையை மெள்ள மெள்ள முகத்துக்கிட்டே கொண்டா."

கொண்டு வந்தாள். ஜன்னல் எங்கே வந்து நின்றது தெரியுமோ? இடக்கண்ணில்! மூன்று தடவை செய்யச் சொன்னேன். மூன்று தடவையும் இடக்கண்தான்.

விஷயம் இதுதான். நமக்கு ஒரு கை தலைமைக் கையாக இருப்பது போல ஒரு கண்ணும் தலைமை தாங்குகிறது. இரண்டு கண்ணும் இரண்டு படத்தை அனுப்புகின்றன. குறி பார்க்கிற சமயத்தில் மூளை அவற்றில் ஒன்றைத்தான் அதிகம் நம்புகிறது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து தெல்லா போர்த்தா என்பவர் 1593-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வலக்கைப் பழக்கம். ஆனால் மூன்றில் ஒருவருக்கு இடக்கண் தலைமை. ஆகவே கை ஒரு கட்சி, கண் ஒரு கட்சி என்று இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். கையை ஆட்டி வைப்பது மூளையின் எதிர்ப்பக்கம். கண் அப்படி அல்ல. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் நரம்புகள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக மூளைக்குள் போகின்றன. இரண்டும் ஒத்துப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

இது நோயுமல்ல, குறையுமல்ல. ஊசியில் நூல் கோக்கலாம், கோலி ஆடலாம், சைக்கிள் விடலாம். சாகிற வரைக்கும் தெரியாமலே இருந்து விடலாம். பலகையின் கோணல் பார்க்க ஒரு கண்ணைச் சுருக்குகிற தச்சாசாரியைக் கேட்டால், எந்தக் கண் என்று அவருக்கே தெரியாது. ஆனால் வில்லிடம் அந்தச் சலுகை இல்லை.

ஏன் என்று பாருங்கள். வலக்கையால் நாணை இழுக்கிறவர் இடத்தோளைக் குறிக்கு நேரே காட்டி நிற்கிறார். நாண் முகவாயில் வந்து படுகிறது. அம்பின் வால் வலக்கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கண் பார்த்தால் அம்பின் முனையும் குறியும் ஒரே கோட்டில் வரும். ஆனால் மூளை இடக்கண்ணை நம்புகிறதே! இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர். குழந்தையின் அம்பு 60 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வால் வலக்கண்ணுக்குக் கீழே, முனை இடக்கண் பார்வையின் நேரில் என்றால் அம்பு சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். 60-க்கு 6. அதாவது மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். பத்து மீட்டர் போவதற்குள் இடப்பக்கம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விலகி விடும். ஒலிம்பிக் பந்தயத்தில் 70 மீட்டர் தூரம்; பலகையின் குறுக்களவு 122 சென்டிமீட்டர். இதே சாய்வோடு அங்கே விட்டால் ஏழு மீட்டர் தள்ளி, அடுத்த பலகையையும் தாண்டிப் போய் விழும்!

அப்படியானால் நடுநடுவே ஓர் அம்பு வட்டத்தில் விழுந்ததே? இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது மூளை சில சமயம் கட்சி மாறுகிறது. வாத்தியார்கள் ஏமாந்து போவது இங்கேதான். 'பார், மனசு வைத்தால் முடிகிறது' என்று அந்த ஓர் அம்பைக் காட்டிக் குழந்தையைக் கண்டிக்கிறார்கள். நன்றாக எய்த அம்புதான் அவளுக்குப் பகையாகி விடுகிறது.

சிநேகிதர் முகத்தில் பாதிக் கவலை போயிற்று. மீதிக் கவலைக்கும் இடம் உண்டு. தலைமைக் கண் வேறு, பார்வைக் குறைவு வேறு. ஒரு கண்ணில் பார்வை மங்கியிருப்பதனாலேயே குழந்தை மற்றொரு கண்ணை நம்பிப் பழகியிருக்கவும் கூடும். சோம்பல் கண் என்கிறார்கள். அதைச் சின்ன வயசில் கவனித்தால்தான் சரிசெய்வது சுலபம். தள்ளிப் போடப் போடக் கஷ்டம். மறுநாள் காலையில் அப்பாவும் மகளுமாகக் கும்பகோணம் போய்க் கண் டாக்டரைப் பார்த்து விட்டு வந்தார்கள். இரண்டு கண்ணும் கடைசி வரி வரையில் படித்ததாம். எனக்கே அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர்கள் வருவதற்குள் நான் கங்கைகொண்ட சோழபுரம் போய் விட்டு வந்தேன். அந்தக் கோயிலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதி விட்டார்கள். நான் வில்லைத் தேடிக் கொண்டு போனவன். காமனை எரித்த சிவபெருமான் அங்கே ஒரு மாடத்தில் இருக்கிறார். பாவம், கரும்பு வில்லோடு எத்தனை கவனமாகக் குறி பார்த்திருப்பான் மன்மதன்! எதிரே திறந்தது நெற்றிக் கண். முகத்துக்கு நட்ட நடுவே ஒரு கண் அமைந்து விட்டால் வலமாவது, இடமாவது? ஒரு தகராறும் இல்லை.

செப்புத் திருமேனி எதையாவது கவனித்திருக்கிறீர்களோ? கோதண்டராமர் இடக்கையை உயர்த்தியிருப்பார், வில்லைப் பிடிக்க. வலக்கை விரல்கள் மடிந்திருக்கும், அம்புக்காக. பல கோயில்களில் வில் தனியாகச் செய்து பிற்பாடு பொருத்துவது. வில் காணாமற் போனாலும் விரல்கள் அந்தக் காலி இடத்தைப் பிடித்துக் கொண்டே நிற்கின்றன. ஆனந்தமங்கலத்து ராமரும் லட்சுமணரும் சீதையும் 1978-ல் திருட்டுப் போய், 2020-ல் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தார்கள். திருட்டு என்றதும் நினைவு வருகிறது: பழூருக்குப் பக்கத்து ஸ்ரீபுரந்தானின் நடராஜர் 2006-ல் களவு போய், ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தில் நின்றுவிட்டு, 2014 செப்டம்பரில் இந்தியா திரும்பினார். அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது.

திரும்பி வந்தால் வீட்டில் அடுத்த சண்டை. "கண்ணு சொல்றபடி கேட்கணும்னா, இடக்கையால இழுக்கணுமாம்" என்று சிநேகிதர் தம் தாயாரிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்!

"பொட்டப்புள்ள நொட்டாங்கையாலயா? நல்லாருக்குடா நாயம்! நாளைக்கு நொட்டாங்கையாலயே சோறு போடுவா!" என்று திண்ணையில் உட்கார்ந்து கொண்டு ஆரம்பித்து விட்டார் பாட்டியம்மாள்.

புதிதாகக் கற்றுக் கொள்கிறவர்களுக்குக் கண்ணைப் பின்பற்று என்பதுதான் அநேக வில்லாசிரியர்களின் அபிப்பிராயம். கையைப் பழக்கலாம், கண்ணைப் பழக்குவது கஷ்டம். பத்து வருஷம் வலக்கையால் எய்தவரை மாற்றச் சொன்னால் தோளும் முதுகும் கேட்காது. அவர் இடக்கண்ணுக்கு ஒரு மறைப்புப் போட்டுக் கொள்ளலாம், மூக்குக் கண்ணாடியில் ஒட்டுப் போட்டுக் கொள்ளலாம். வெறுமே கண்ணை இறுக மூடிக் கொண்டு எய்கிறவர்களும் உண்டு. ஆனால் அம்புக்கு அம்பு மூடினால் முகம் வலிக்கும். பாப்பா ஆரம்பித்து மூன்று மாசம்தான் ஆகிறது. மாறுவதற்கு இதுதான் சமயம். இதையெல்லாம் பாட்டியம்மாளிடம் எப்படிச் சொல்வது? நான் யோசிப்பதற்குள் பெண்ணே முந்திக் கொண்டாள்.

"அப்பாயி! வில்லைப் புடிக்கிறது சோத்தாங்கைதான். நாணை இழுக்கிறதுதான் நொட்டாங்கை. வில்லுதானே சாமி?"

கிழவி வாயடைத்துப் போனார். நான் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினேன்: "அர்ச்சுனனுக்குச் சவ்யசாசின்னு ஒரு பேர் உண்டே, பெரியம்மா?"

"ஏன் தெரியாது? ரெண்டு கையாலயும் எய்வான். விராட பருவத்துல உத்தரன்கிட்ட அவனே தன் பேரையெல்லாம் சொல்லுவானே! மழைக்காக வாசிக்கிறப்போ எத்தனை வருசம் கேட்டிருக்கேன்!" என்றார் அவர்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் புத்தகத்தில் இல்லை. திரௌபதியம்மன் கோயில் வாசலில் இருக்கிறது. வில்வளைப்புக் கூத்து நடக்கிற ராத்திரி குழந்தைகள் கூடத் தூங்குவதில்லை. பாட்டியம்மாள் அதற்கு மேல் என்னை விடவில்லை. துரோணர் மரத்தில் பொம்மைப் பறவை வைத்துக் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பித்து, கட்டைவிரலைக் கொடுத்த ஏகலைவனுக்குக் கண்ணைத் துடைத்துக் கொண்டு, கண்ணப்ப நாயனாரிடம் வந்து நின்றார். எனக்கு அது வரையில் தோன்றாத ஒன்றை அங்கே சொன்னார்: "அவன் வில்லுக்காரன். வேடனுக்குக் கண்ணு போனா, தொழிலே போச்சு. சாமிக்கு வலது கண்ணுல ரத்தம் வந்ததும் தன் வலது கண்ணைத் தோண்டி வச்சானே, எதனால குறி பாக்குறோம்னு நெனைச்சா வச்சான்?"

இடக்கண்ணையும் அல்லவா கொடுக்கத் துணிந்தான் திண்ணன்!

ஒரு கண்ணோடு விளையாடியவர்கள் நம் காலத்திலும் உண்டு. பட்டோடி நவாபுக்கு 1961-ல் இங்கிலாந்தில் நடந்த மோட்டார் விபத்தில் வலக்கண் பார்வை போயிற்று. அந்த வருஷக் கடைசியிலேயே டெஸ்ட் பந்தயத்தில் இறங்கினார். 1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் அவர் அடித்த 103-ஐப் பார்த்தவர்கள் இன்றும் பெருமை பேசுகிறார்கள். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வருகிற பக்கம் இருப்பது இடக்கண். பிழைத்தது அந்தக் கண்!

வில்லிலேயே சொல்வதென்றால், கொரியாவின் இம் டோங் ஹியூன் கண்ணாடி போடாமல், அம்புப் பலகையை மங்கலான வர்ணப் பூச்சாகத்தான் பார்ப்பாராம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 72 அம்புக்கு 699 புள்ளி எடுத்தார். அன்றைய உலக சாதனை அது. காஷ்மீர் கிஷ்த்வார் பெண் சீதல் தேவிக்கு இரண்டு கைகளும் கிடையாது. வலது காலால் வில்லைத் தாங்கி, வலது தோளால் நாணை இழுத்து, தாடையின் பலத்தால் அம்பை விடுகிறாள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கினாள். இந்தப் படத்தைச் செல்போனில் காட்டியதும் பாட்டியம்மாள், "காலால எய்யிறா! இவ கையாலதானே எய்யப் போறா!" என்று தம் தீர்ப்பைச் சொல்லி விட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

வில் வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாசகர்களில் யாராவது குழந்தைக்கு வாங்குவதானால் இதை மட்டும் கத்தரித்து வைத்துக் கொள்ளலாம். மூங்கில் வில்லுக்கு வலம், இடம் கிடையாது. பந்தய வில் அப்படி அல்ல. நடுக்கட்டையில் அம்பு போவதற்காக ஒரு பக்கம் வெட்டியிருப்பார்கள். ஒரு கைக்காரர் வில் மற்றக் கைக்காரருக்கு உதவாது. கடையில் 'இடக்கை வில்' என்று சொன்னால் இடக்கையில் பிடிக்கிற வில் என்று நினைத்து விடாதீர்கள். இடக்கையால் இழுக்கிற வில், பிடிப்பது வலக்கை. எழுதிக் கேட்கும்போது, 'நாணை இழுப்பது இடக்கை' என்று முழுசாக எழுதி விடுவதுதான் நல்லது. முதல் வில் இலேசாக இழுபட வேண்டும். வளர்கிற குழந்தைக்குப் பெரியவர்கள் வில்லை வாங்கிக் கொடுப்பது, அடுத்த தீபாவளிக்கும் ஆகட்டும் என்று தொளதொள சட்டை தைப்பதைப் போல. சட்டையாவது பரவாயில்லை, வில் தோளைக் கெடுத்து விடும்.

சிநேகிதர் உடனே பணத்தைக் கட்டி விடவில்லை. அதுவும் நல்லதுதான். "ஒரு மாசம் மூங்கில்லயே இடக்கையாலப் பழகட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். கொல்லையில் பாப்பா கை மாற்றி நின்றாள். ஐயோ, பார்க்கச் சகிக்கவில்லை! முழங்கை தொங்கிற்று, நாண் நழுவிற்று, முதல் அம்பு காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது கொய்யா மரத்துக்குப் போயிற்று. பத்து, இருபது என்று எய்து கொண்டே இருந்தாள். அம்பு மேலே போயிற்று, கீழே போயிற்று. ஆனால் இடமும் வலமும் விலகுவது குறைந்து கொண்டே வந்தது. முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ முறத்தின் விளிம்பில் பட்டு, முறத்தையே கீழே தள்ளியது.

"ஏய், என் மொறம்டீ!" என்று திண்ணையிலிருந்து ஓடி வந்தார் பாட்டியம்மாள். வந்தவர், நாங்கள் சொல்லாமலே, இரண்டு கையையும் நீட்டி ஜன்னல் வைத்துத் தென்னை மரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு கண்ணுலயும் தெரியுதே!"

தெரியாமல் என்ன செய்யும்? பொங்கல் பானை நுழைகிற அளவுக்கு அல்லவா ஜன்னல் வைத்திருந்தார்!

"சின்னதா வை அப்பாயி, எலுமிச்சம்பழம் அளவு" என்று பேத்தி அவர் விரல்களைப் பிடித்துக் குறுக்கிக் கொண்டிருந்தாள். மதனத்தூர் பக்கம் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் பையை எடுத்துக் கொண்டு ஓடினேன். அன்றைக்குச் சாயங்காலம் ரசீதுப் புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கியிருந்தாள் பெண், மேலே 'இ.கை' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தாள்.